சனிக்கிழமைக்குள் சரியாக வேண்டிய துப்பாக்கி

– மறுபடி சிக்கிருச்சு, தஸ்தகீரு! ரெண்டாவது தோட்டா பாதி வழியில மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கு.

– சிரிக்கட்டும் விநாயகண்ணே. குழலைக் குறிப்பலகைப் பக்கமே பிடிங்க, இந்தப் பக்கம் ஆட்டாதீங்க. தோட்டா அடுக்குற மேகசினைக் கழட்டிக் கொடுங்க.

– சனிக்கிழமை மூத்தோர் போட்டி. அன்னிக்கும் மக்கர் பண்ணுச்சுன்னா கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டிருவேன்னுட்டார் கிளப் செக்ரெட்டரி. இதை மட்டுமா? பக்கத்துலயே என்னையும் உட்கார வச்சு, 'தொடாதீர்கள்'னு ஒரு அட்டை மாட்டிருவாங்க.

– ஜப்பான் சண்டைக்கும் முந்தின சாமான் அண்ணே. ஸ்பிரிங் மாத்திட்டேன். மேகசின் உதடு கோணியிருந்துச்சு, நிமிர்த்திட்டேன். தோட்டா ஏறுற சரிவைத் தேய்ச்சுத் துடைச்சுட்டேன். காலையில நான் சுட்டப்ப ஒரு தடவைகூட நிக்கலையே!

– உனக்கு மரியாதை கொடுக்குது. எனக்கு யாரு கொடுக்கிறா? லான்மடாவ் டீக்கடைக்காரன் கோ ஔங் கூடப் பாதி கிளாஸ்தான் ஊத்துறான். சண்டை போட்டுக் கடையையே மாத்தினேன். அங்கேயும் பாதி! ரங்கூனே கூடிப் பேசி வச்சிருக்கு போல.

– அண்ணி, சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, நீங்களும் பழைய மெம்பர்தானே? ஒரு மேகசின் சுடுங்களேன்.

– எனக்கு எதுக்குத் தம்பி? கண்ணாடிகூட எடுத்துட்டு வரல.

– குறி தப்பினா தப்பட்டும். துப்பாக்கி ஓடுதான்னுதான் பார்க்கணும். அண்ணே, காதை மூடிக்கங்க.

– அடேயப்பா! ஒண்ணுகூட நிக்கலையே, சத்யபாமா! என்கிட்ட அந்த முரண்டு பிடிச்சது, வளையல் கைக்கு இப்படிப் பணிஞ்சு போகுது. சரிதான், வீட்டுல நான் இருக்கிற மாதிரியே!

– அண்ணே, கோவிச்சுக்காதீங்க. துப்பாக்கி உதைக்கிறப்ப மணிக்கட்டு அசையாம நிக்கணும். கை தளர்ந்தா மேல ஓடுற ஸ்லைடு முழுசாப் பின்னுக்குப் போகாது. அது போகலைன்னா அடுத்த தோட்டா ஒழுங்கா ஏறாது.

– அப்ப பழுது எனக்குத்தாங்கிறியா? எந்த ஸ்பிரிங்கை மாத்தப் போறே? என் கைக்கு என்னப்பா, இரும்பு! நீயே சொல்லும்மா சத்யா.

– ஏங்க... அந்த ரெண்டு கடையிலயும் பாதி ஊத்தச் சொன்னது நான்தாங்க. நிறைய ஊத்தினா கை ஆடி, கைலியெல்லாம் கொட்டிக்கிறீங்க.