பதிவாளர் அம்மாவின் ஐந்து நாட்கள்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவ வாரியத் தலைவர் அவர்களே, சக உறுப்பினர்களே, செவிலியர் சங்கத்துத் தோழியரே, பதிவாளர் அம்மாவின் கணவரே, அவருடைய தங்கையே, வேலை நாளில் விடுப்புப் போட்டு வந்திருக்கும் நண்பர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் வாரியத்தின் பதிவாளர் அம்மாவைப் புகழ்ந்து பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். புகழ்வேன். ஆனால் அவரை நெருக்கிப் பிடித்துத் திணற வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதைச் சொல்லாமல் எப்படிப் புகழ்வேன்?

மருத்துவர்கள் நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் உங்களுக்குத் தெரியும். ‘பின்பக்கம்’! எங்கள் மருத்துவ உரிமத்தைப் புதுப்பிக்கும் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு: உங்கள் உடல்நிலை பணிக்கு இடையூறாக உள்ளதா? நாங்கள் யாரும் அதை நிரப்ப மாட்டோம். அம்மா விடாமல் திருப்பி அனுப்புவார். ஒருமுறை நானே சண்டைக்குப் போனேன்.

“ஏம்மா, இருபது வருஷமா டாக்டரா இருக்கேன். என் உடம்பு எனக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். அதனாலதான் உங்ககிட்டயே கேக்கறோம்.”

அங்கேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அறுவை சிகிச்சை அரங்கிலிருந்து ஒரு செவிலியர் எழுதிய புகார் அவர் மேசைக்கு வந்தது. பேராசிரியரின் கை நடுங்குகிறது, நான்கு முறை பார்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். பேராசிரியர் யார்? எங்கள் வாரியத்தில் பாதிப் பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். தன் படிவத்தின் பின்பக்கத்தில் ‘இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தவர். இறுதித் தீர்ப்பு வெளியாகிவிட்டதால் இன்று இதை மேடையில் சொல்ல முடிகிறது. அன்று அது மூடிய உறைக்குள் இருந்த ரகசியம்.

வழக்கமான கூட்டத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அவசரக் கூட்டத்துக்கு மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவதுக்காக அம்மா என் மருத்துவமனைக்கு வந்து, நோயாளிகளோடு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தார். அது ஒரு திங்கட்கிழமை.

“எனக்குத் தையல் போடக் கத்துக்கொடுத்தவரும்மா அவர். முறையான கூட்டத்துல பாத்துக்கலாம்” என்றேன்.

“அதுவரைக்கும் அவர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டே இருப்பாரே சார்?”

“ஒரு நர்ஸ் சொன்னா ஆச்சா?”

அம்மா என்னைப் பார்த்தார். டோக்கனை என் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்குத் தங்கையிடமிருந்து தொலைபேசி. தங்கையின் அனுமதியோடுதான் சொல்கிறேன். “அக்கா, கழுத்துக் கட்டிக்கு புதன்கிழமை ஆபரேஷன். பேராசிரியரே பண்றாராம். அவர் தேதி கெடைக்கிறது லேசா?”

என்ன செய்வார் அந்த அம்மா? தங்கையிடம் சொன்னால் விசாரணை ரகசியம் உடையும். நீதிமன்றத்தில் வழக்கு நிற்காது, பேராசிரியர் மறுபடி கத்தியை எடுப்பார். சொல்லாவிட்டால், கூடப்பிறந்தவளின் கழுத்து! வாரியத்தில் சொன்னால், உறவு என்பதால் விதிப்படி கோப்பை விட்டு விலக வேண்டும். விலகிவிட்டால் அந்தக் கோப்பை யார் முன்னே தள்ளுவார்கள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். விதி எழுப்பிய சுவரா அது? அதில் ஒரு பக்கம் நான் எழுப்பியதல்லவா!

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் தங்கையின் எண்ணை அழுத்துவதும் கடைசி இலக்கத்தில் நிறுத்துவதுமாக இருந்தார் என்று அவர் கணவர் சொன்னார். “என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். ஆபீஸ் விஷயம்னு சொன்னா. அதுக்கு மேல எனக்குக் கேக்கத் தெரியலை.”

அடுத்த திங்கட்கிழமை காலை அந்தக் கோப்பிலிருந்து விலகிக் கடிதம் எழுதினார். காரணத்தோடு எழுதினார். விதிப்படி எங்கள் எல்லோருக்கும் நகல் வந்தது. அதைப் படித்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை கூட்டம் நடந்தது. உள்ளே வர அவருக்கு உரிமை இல்லை. நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்கு இடைக்காலத் தடை ஆணை பிறந்தது. தங்கை தப்பினார்.

ஆனால் அந்தக் கூட்டத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. சனிக்கிழமையன்று பேராசிரியர் ஒரு பேருந்து நடத்துநருக்கு அதே அறுவை சிகிச்சையைச் செய்திருக்கிறார். குரலுக்குப் போகும் நரம்பு அறுந்து, அவர் குரலே போய்விட்டது. நான் முதல் திங்களன்றே கையெழுத்திட்டிருந்தால்? இந்தக் கேள்வியிலிருந்து எனக்கு வெளியேறும் வழி இல்லை, நண்பர்களே. இருக்கவும் கூடாது.

தங்கை பிறகு கேட்டார்: “அஞ்சு நாள் தெரிஞ்சும் வாயைத் தெறக்கலையே அக்கா?”

“உனக்குச் சொல்லிட்டா, அந்த ஆபரேஷன் லிஸ்ட்ல இருந்த மத்தவங்களுக்கு யாருடி சொல்றது?”

சரியான பதில். ஆனால் சரியான பதில் உறவைக் காப்பாற்றுமா? இரண்டு வருடம் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசினார்கள். அந்த ஐந்து நாட்களைப் பற்றி மட்டும் கடைசிவரை பேசவில்லை.

நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட புகாரை, யார் கையெழுத்தின் தயவும் இல்லாமல் ஏழு நாளுக்குள் விசாரிக்க வேண்டும் என்று அம்மா ஒரு விதித் திருத்தம் எழுதினார். மூன்று முறை கொண்டுவந்தார். மூன்று முறையும் நாங்கள் தள்ளிவைத்தோம். போன செவ்வாய்க்கிழமை அலுவலகப் படியிலேயே அவர் இதயம் நின்றுவிட்டது. திருத்தம் இன்னும் நிலுவையில் இருக்கிறது!

அடுத்த கூட்டத்தில் அதை நான் முன்மொழிவேன். நிறைவேறும்வரை நாற்காலியை விட்டு எழமாட்டேன். இது இந்தச் சபை அறிய நான் தரும் வாக்கு. அதற்கு முன் இன்னொரு வேலையும் செய்துவிட்டேன். அந்த ஒரு வாரத் தாமதத்துக்காக என்மீது நானே நேற்று வாரியத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நடத்துநர் ஐயா, விசாரணைக்கு நீங்கள் அவசியம் வர வேண்டும். சொல்ல வேண்டியதை எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு வரி விடாமல் நானே உரக்கப் படிக்கிறேன்.