சனிக்கிழமை எடை

அக்கா: ஒரே ஒரு கவர் குடுடா. அப்பாவோட பல்செட்டை எதுல போட்டு எடுத்துட்டுப் போறது?

தம்பி: டப்பா தர்றேன்.

அக்கா: ஆஸ்பத்திரிக்கு எவர்சில்வர் டப்பாவா?

தம்பி: வீட்ல கவரே கிடையாதுக்கா.

அக்கா: தெரியும். அதான் வாசக்கதவுலயே ஒட்டி வெச்சிருக்கியே, 'பிளாஸ்டிக் இல்லாத வீடு'ன்னு. உள்ள வரவே பயமா இருந்துச்சு. என் செருப்பு பிளாஸ்டிக்.

தம்பி: கிண்டல் பண்ற நேரமா இது? கிளம்பு. அவ அங்க தனியா உட்கார்ந்திருக்கா.

அக்கா: உன் பொண்டாட்டி ஃபோன் பண்ணாளா? யூரின்...

தம்பி: ஒரு சொட்டு கூட வரலையாம். சாயங்காலம் வரைக்கும் பார்ப்பாங்களாம்.

அக்கா: அதுக்கப்புறம்?

தம்பி: சட்டை எது எடுக்க? நீலமா?

அக்கா: அதுக்கப்புறம்னு கேட்டேன்.

தம்பி: மிஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணுமாம். அவர் இதயம் அதைத் தாங்குமான்னு டாக்டருக்கே தெரியலையாம்.

அக்கா: படுத்த படுக்கைதான். ஆனா வாய் நல்லாதானே இருந்துச்சு. ஒரே மாசத்துல கிட்னி எப்படிடா போகும்?

தம்பி: உடம்பு வறண்டு போச்சுன்னாங்க.

அக்கா: நீ தண்ணி குடுக்கலையா?

தம்பி: ஆபீஸ் போறதுக்கு முன்னாடி சொம்பு நிறைய வெச்சுட்டுத்தான் போவேன். வந்து பார்த்தா காலியா இருக்கும்.

அக்கா: ம்... அப்பா கட்டில் பக்கத்துல இந்தச் செடி என்ன, இப்படித் தழைச்சு நிக்குது? ஜன்னலையே மறைக்குது. யார் தண்ணி ஊத்தறா?

தம்பி: மழையில...

அக்கா: ரூமுக்குள்ள மழையா?

தம்பி: அக்கா, நேரமாகுது.

அக்கா: ஆகட்டும். பீரோவுல டயப்பர் வாங்கி வெச்சிருந்தேனே. பெரிய பாக்கெட், ரெண்டு.

தம்பி: தீர்ந்துருச்சு.

அக்கா: தீர்ந்தா வாங்க மாட்டியா?

தம்பி: துணிக்கு மாத்திட்டோம்.

அக்கா: யாரு, அப்பா கேட்டாரா?

தம்பி: நான்தான் சொன்னேன். இந்த அபார்ட்மென்ட்ல சனிக்கிழமை சனிக்கிழமை எல்லா வீட்டுக் குப்பையையும் எடை போடுவோம். தூக்கிப் போடற பிளாஸ்டிக்கை மட்டும் தனியா. யார் வீட்ல எவ்வளவுன்னு கீழ லிஃப்ட் பக்கத்துல போர்டுல எழுதுவோம்.

அக்கா: எந்தப் புண்ணியவானோட யோசனை?

தம்பி: ...நான்தானே அசோசியேஷன் செயலாளர்.

அக்கா: டயப்பரும் அதுல சேர்த்தியா?

தம்பி: ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியறதுதானே. ஒரு வாரம் பதினோரு கிலோ வந்துச்சு. மொத்தக் கட்டடத்துலயே நம்ம வீடுதான் கடைசி.

அக்கா: படுக்கையில ஒரு மனுஷன் கிடக்காருன்னு சொல்ல வாய் இல்லையா உனக்கு?

தம்பி: எப்படிச் சொல்றது? மூணாவது மாடியில ஒரு பொண்ணு, கைக்குழந்தைக்காரி. குழந்தைக்குப் போடறதைக் கணக்குல சேர்க்காதீங்கண்ணான்னு வந்து கெஞ்சினா. யாருக்கும் சலுகை கிடையாது, துணி கட்டுங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்.

அக்கா: ஆக, அவளுக்குச் சொன்ன வாய்க்காக அப்பாவுக்குத் துணி.

தம்பி: என் பொண்டாட்டியைக் கூடத் தொட விடலக்கா. தினம் விடியறதுக்குள்ள எழுந்து நானே துவைச்சேன், என் கையால.

அக்கா: அப்பா அதைப் பார்த்துட்டே படுத்திருந்தாரு.

தம்பி: பாத்ரூம் கதவு கட்டிலுக்கு நேரா இருக்கு. நான் என்ன பண்ண?

அக்கா: சாத்தியிருக்கலாம். தான் சாப்பிட்ட தட்டை இன்னொருத்தர் எடுத்தாலே கூசிப்போற மனுஷன்டா அவரு.

தம்பி: தெரியும்க்கா.

அக்கா: ஒரு நாளைக்கு எத்தனை துணி?

தம்பி: முதல்ல பத்து. அப்புறம் ஆறு. கடைசியில ரெண்டு.

அக்கா: உனக்குச் சந்தேகமே வரலையா?

தம்பி: உடம்பு தேறுதோன்னு...

அக்கா: என் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம். அந்தச் செடியைப் பார்த்துச் சொல்லு.

தம்பி: ...பார்த்தேன்.

அக்கா: என்னத்தை?

தம்பி: ஒரு நாள் மறந்து வெச்ச சாவியை எடுக்கத் திரும்பி வந்தேன். கதவு ஒருக்களிச்சிருந்துச்சு. படுத்தபடியே கையை நீட்டி, சொம்பைச் செடித் தொட்டிக்குள்ள கவுத்தாரு. ஒரு சொட்டு கீழ சிந்தல. சிந்தினா அதையும் நான்தான் துடைக்கணும்னு நினைச்சிருப்பாரு.

அக்கா: எப்போ?

தம்பி: மூணு வாரம் இருக்கும்.

அக்கா: உள்ள போய்க் கேட்டியா?

தம்பி: ...சாவியை எடுத்துட்டுப் போயிட்டேன்.

அக்கா: ஏன்டா?

தம்பி: கேட்டா குடிப்பாரு. குடிச்சா மறுபடியும் பத்து துணி. என் இடுப்பு விட்டுப்போச்சுக்கா. போர்டுல அந்த வாரம் நம்ம வீடுதான் முதல்.

அக்கா: இப்ப அவரைச் சுத்தி என்ன இருக்குன்னு பார்த்தியா? குளுக்கோஸ் பை, குழாய், ஊசி, கட்டில்ல தொங்கற மூத்திரப் பை. அத்தனையும் பிளாஸ்டிக். அந்தப் பையில ரெண்டு சொட்டு விழாதான்னு எல்லாரும் தவம் கிடக்கறோம்.

தம்பி: போதும்க்கா.

அக்கா: வர்ற சனிக்கிழமை அதையும் எடை போட்டு எழுது.

தம்பி: திட்டு. அடிக்கணும்னாலும் அடி. உனக்கு அந்த உரிமை இருக்கு.

அக்கா: ...இல்லடா.

தம்பி: என்ன இல்ல?

அக்கா: போன மாசம் அப்பா எனக்கு ஃபோன் பண்ணாரு, நீ ஆபீஸ் போனப்புறம். "ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாம்மா, அவனுக்குத் தெரியாம வெச்சுக்கறேன். அதுவரைக்கும் தண்ணியைக் குறைச்சுக்கறேன்"னாரு. சரிப்பா, குறைச்சுக்கோங்க, அடுத்த வாரம் வந்துடறேன்னு சொன்னேன்... இப்பத்தான் வர்றேன், கையை வீசிக்கிட்டு.