வாயாடியின் நாற்பது கட்டங்கள்

ஹலோ… ஹலோ, சார்? ஸ்கூல்லேருந்து பேசறேன். மூணாம் கிளாஸ் டீச்சர்… ஆமா ஆமா, லீவுல வந்து டேப்லெட் எல்லாம் சரி பண்ணிக் குடுத்தீங்களே, அதே ஸ்கூல்தான்… இல்லை, நல்லா வேலை செய்யுது. அதான் பிரச்சினையே. புதுசு மாதிரி இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லை.

சார், வெச்சிடாதீங்க. ரெண்டே நிமிஷம்.

…பன்னெண்டு குடுத்தோம்ல, அதுல ஒண்ணு, ஓரத்துல விரிசல் விட்டது… ஆங், அதேதான். அது ஒரு பொண்ணோடது. ஒம்பது வயசு. பேச்சு வராது, கையும் சொன்னபடி கேக்காது. ஒரே ஒரு விரல் மட்டும் கேக்கும். அந்த விரலால படத்தைத் தொட்டா டேப்லெட் அவளுக்காகப் பேசும்… கேம் இல்லை சார். படம் படமா இருந்தா எல்லாம் கேமா?

…சரி. மன்னிச்சிடுங்க. கோவம் உங்க மேல இல்லை.

…எழுதி ஒட்டியிருந்தேன் சார். 'இதைத் தொடாதீங்க'ன்னு கொட்டை எழுத்துல. உறை மேல ஒட்டியிருந்தேன். அவளுக்கு எச்சில் வடியும், உறை ஊறிப்போயிருந்துச்சு, கழுவிக் காயப்போட்டேன். நான்தான். இதே கையால. டேப்லெட் உங்ககிட்ட வந்துச்சு, எழுதி ஒட்டினது இங்க கொடியில தொங்குச்சு. இன்னிக்கு ஸ்கூல் திறந்து, பீரோவுலேருந்து எடுத்துப் பார்த்தா இப்படி.

…காப்பியா? எடுக்கலை. எடுக்கணும்னே தெரியாது… ரெண்டு வருஷம் சார். ஒவ்வொரு வார்த்தையா அவகிட்ட கேட்டுக் கேட்டு வெச்சது.

…கம்பெனிப் படத்தைப் போட்டுத் தர்றீங்களா? வேண்டாம், வேண்டாம். அவ படத்தைப் பார்க்கிறதே இல்லை. இடம்தான் அவளுக்குக் கணக்கு. நாம இருட்டுல கை வெச்சு சுவிட்ச் போடறோமே, அந்த மாதிரி. கீழ் இடது மூலை 'வேண்டாம்'. அங்க 'தண்ணி' வந்து உக்காந்தா, வேண்டாம் வேண்டாம்னு சொல்ற பிள்ளைக்குத் தண்ணி குடுத்துக்கிட்டே இருப்பாங்க.

…நாளைக்கா? பதினொரு மணிக்குக் கல்வி ஆபீஸ்லேருந்து மூணு பேர் வர்றாங்க சார். இப்போ பத்தே முக்கால். அவ என் கிளாஸ்லயே இருக்கலாமா, பின்பக்கத்து ரூமுக்கே திருப்பி அனுப்பறதான்னு முடிவு பண்ண வர்றாங்க… அந்த ரூம்ல பாய் இருக்கு, ஜன்னல் இருக்கு. பாடம்தான் இல்லை. சாயங்காலம் வரைக்கும் உக்கார வெச்சு வீட்டுக்கு அனுப்புவாங்க. முழுக்கப் புரியற பிள்ளை சார் அவ.

…நானே அவளுக்காகச் சொல்லலாம்தான். போன வருஷம் சொன்னேன். 'பேசறது நீங்கதான், பிள்ளை இல்லை'ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. இந்தத் தடவை நான் ரூம்லயே இருக்கக் கூடாதாம்.

…இல்லை சார், அழலை. ஜலதோஷம்.

…அவளா? இதோ, என் எதிர்லதான் உக்காந்திருக்கா. வாயாடின்னுதான் கூப்பிடுவோம். டேப்லெட் கைக்கு வந்த முதல் வாரம் என்னை ஒரு வார்த்தை பேசவிடலை. இப்போ திரையில படம் இருந்த நாப்பது கட்டமும் காலி, அதையே தட்டிக்கிட்டிருக்கா. சத்தம் வரலைன்னு தெரியுது, இருந்தும்… இருங்க. இருங்க சார்.

…லைன்லயே இருங்க. வலது ஓரம், மேலேருந்து ரெண்டாவது. அது 'டீச்சர்'. நடு வரிசை… 'சத்தம்'. மூலை. 'வேண்டாம்'.

சார். நான் கத்திப் பேசறேன்னு சொல்றா. காலிக் கட்டத்துல.

…ஆமா, எனக்கு மனப்பாடம். வர்ற மூணு பேருக்கு எப்படித் தெரியும்? இப்போ நான் எழுதிக் குடுத்தா, அதையும் நான் ஜோடிச்சதுன்னு சொல்லுவாங்க…

என்ன போட்டோ?

…அழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் திரையோட போட்டோ எடுப்பீங்களா? எதுக்கு? …ஓ. விரிசல் நீங்க விட்டதுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு. சரி, சரி. கட்டம் தெளிவா இருக்கா? எழுத்து தெரியுதா? முதல் கட்டம் படிங்க. …'அம்மா'. கீழ் இடது மூலை? …'வேண்டாம்'. உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் சார்.

…எனக்கு அனுப்பாதீங்க. தலைமை டீச்சருக்கு அனுப்புங்க, எடுத்த தேதியோட. அவங்க அச்செடுத்து மூணு பேர் கையிலயும் குடுக்கட்டும். அவ தட்டட்டும், அவங்களே பார்த்துப் படிச்சுக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்.

…பயம் இல்லாமலா? சத்தமே வராத கண்ணாடியை எவ்வளவு நேரம் தட்டுவா? சலிச்சுப்போய்க் கையை மடக்கிட்டா அவ்வளவுதான். நான் கதவோரமாவது நின்னா அவளுக்கு ஒரு தைரியம். ஒரு ஓரமா நின்னுக்கிறேன்னு கேட்டுப் பார்க்கட்டுமா… கெஞ்சியாவது…

வந்துட்டாங்க. வராந்தாவுல செருப்புச் சத்தம். அனுப்பிட்டீங்களா? …போயிடுச்சா? …ஆமா, ஆமா, தலைமை டீச்சர் போனும் கையுமா ஆபீஸுக்கு ஓடறாங்க.

இருங்க சார், மறுபடி என்னமோ தட்டறா. 'டீச்சர்'… அடுத்தது மேல் வரிசை, இடமிருந்து நாலாவது. இல்லை, நான் சொல்லலை. படம் உங்ககிட்டதானே இருக்கு, நீங்க படிங்க.

…

…ஆமா சார். 'வெளிய'.

…இல்லை, இப்போ நிஜமாவே அழறேன். போறேன்டி, போறேன். வெச்சிடறேன் சார்.