மாம்பலத்துத் தூண்கள்

மயிலாப்பூர் டிராமில் என் முன்பெஞ்சில் அண்ணனும் தம்பியும். அண்ணன் அன்று காலைதான் ரங்கூன் கப்பலில் வந்து இறங்கியவர்.

"கோணல் மரத்தையெல்லாம் விட்டுட்டு நேரானதை வெட்டிட்டேண்ணா," என்றான் தம்பி.

"தேக்குத் தோப்பை உன்னை நம்பி விட்டுட்டுப் போனேனே! கோணலைக் கழிச்சாத்தானேடா நேரானது பருக்கும்?"

"மாம்பலத்து வீட்டுக்குத் தூண் வேண்டியிருந்தது."

"அதெல்லாம் இளமரம்டா. வைரம் பாயாத கட்டையைக் கரையான் விட்டு வைக்குமா?"





"போன வாரமே தூண்ல கரையான் ஏறிடுத்து. சுரண்டிட்டு வர்ணம் அடிச்சுட்டேன்."

"அந்தத் தூண் தாங்கற மச்சுல இப்ப யாரு இருக்கா?"

"மன்னியும் குழந்தைகளும்."

டிராம் நிற்கும்வரை அண்ணன் காத்திருக்கவில்லை. குதித்துவிட்டார். அவருடைய கப்பல் பெட்டி என் காலடியிலேயே கிடந்தது.