உதட்டுப் புண்ணும் உத்தம புருஷனும்

“ஹலோ... ஆமா, நான்தான். வெச்சிடாத! வெச்சே, உன் லாரி முதலாளிக்கே போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிடுவேன்... ம், அப்படி வா வழிக்கு.”

தையல்காரி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அளவு டேப்பைக் கழுத்திலிருந்து உருவிப் போட்டாள். அவளுக்குச் சொல்லக் கூசும் இடத்தில் கொத்தாகக் கொப்புளம் வந்திருந்தது. அதைப் பார்த்து, ‘எவன்டி அவன்?’ என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போன புருஷன், மூன்று நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை.

“டாக்டரம்மா எடுத்த டெஸ்ட்டு ரிசல்ட் வந்திடுச்சு... ஆமா, ஆமா, ஹெர்ப்பீஸ்தான்... கத்தாதய்யா, முழுசாக் கேளு! அதுல ரெண்டு வகை. எனக்கு வந்திருக்கிறது உதட்டுல வருமே, அது... என் உதட்டுல எப்பய்யா வந்துச்சு? உனக்குத்தான்! ‘சூட்டுக் கொப்புளம்’னு வெண்ணெய் தடவுவியே... ஆங், அதே. போன தடவ லோடு எறக்கிட்டு வந்தப்ப, அந்த வாயோட எங்கெல்லாம் போன?... ஞாபகம் வந்திச்சா? எவன் எவன்னு குதிச்சியே, அவன் நீதான்யா!”

மறுமுனையில் இஞ்சின் சத்தத்தை மீறி அவன் ஏதோ மறுத்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“இல்லய்யா, நீ எவகிட்டயும் போனேன்னு நான் சொல்லல. சின்னப் புள்ளையில யாராச்சும் ஆசையா முத்தம் குடுத்திருந்தாலே போதுமாம்... உங்க அத்தையா? இருக்கும், அந்தம்மா வாய் அப்படி... சரி சரி, செத்தவங்கள விட்டுடறேன்... நாம சாக மாட்டோம்! அது முழுசாப் போகாது, உள்ளயே படுத்துக் கெடக்கும், அப்பப்ப எழுந்து ஆடும். உன்ன மாதிரி. மாத்திர இருக்கு... உதட்டுல சுருசுருன்னாலே வாய மூடிக்கிட்டுத் தள்ளிப் படு. ஆறுற வரைக்கும் முத்தமும் கெடையாது, மத்ததும் கெடையாது. எனக்கு வந்தாலும் அப்படித்தான்... என் தங்கச்சி கொழந்தைக்கு முத்தமா? மூச்! பச்சப் புள்ளைக்கு உயிருக்கே ஆபத்தாம்... புண்ணு இல்லாதப்பவா? அப்பவும் சில சமயம் ஒட்டிக்குமாம். ஆணுறை போட்டா கொறையும், முழுசா நிக்காதாம். நமக்கு அது வேணுமா வேணாமான்னு நீயே வந்து டாக்டரம்மாகிட்டக் கேளு... வெக்கமா? என்ன சந்தேகப்படறப்ப எங்க போச்சு அது?”

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“என்ன? கேக்கல... மன்னிப்பா? போன்லயா? வாசல்ல வந்து நின்னு, கத்துனியே, அதே சத்தத்துல கேளு... எதுக்குன்னு தெருவுல கேட்டா என்ன சொல்றதா? அது உன் தலவலி. யோசிச்சுக்கிட்டே வா... யோவ், பாத்து ஓட்டிட்டு வா.”

பதிலுக்குக் காத்திராமல் துண்டித்தாள்.