ஒரே அளவில் ஆறு படங்கள்

எங்கள் வீட்டில் துணி காயப்போடுவது நான்தான். சட்டைகள் ஒரு பக்கம், பாவாடைகள் ஒரு பக்கம், நீளவாரியாக. கிளிப்புகள் எல்லாம் ஒரே நிறம். பாயா ரும்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க இது தெரிந்த சங்கதி. பக்கத்து வீட்டு மைமூன் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கடை எப்போது திறப்பீர்கள் என்று கேட்பார். என் மனைவி நிர்மலாதேவி முதலில் சிரித்தாள், பிறகு கோபப்பட்டாள், இப்போது கண்டுகொள்வதில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மேடம், நடந்ததைக் கேட்ட பிறகு நீங்கள் என்னை ஒரு மாதிரியான ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. கொஞ்சம் ஒழுங்கு பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

என் பெயர் திலீபன். மலாக்காவில் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் உள்ள அந்தத் தொழிற்சாலையில் கணினி நிரல் எழுதுகிறேன். மின்னணு உதிரிப் பாகங்களைக் கழுவி, பூச்சுப் பூசி அனுப்புகிற இடம். மொத்தம் ஆறு ஹால்கள். ஒவ்வொரு ஹாலின் காற்றிலும் எவ்வளவு வாயு கலந்திருக்கிறது என்று சுவரில் உள்ள சென்சார் அளந்துகொண்டே இருக்கும். அந்த எண்களைக் கோடாக மாற்றி, கண்ட்ரோல் ரூமின் பெரிய திரையில் காட்டுவது என் பொறுப்பு. ஆறு ஹாலுக்கு ஆறு படம், மேலே மூன்று, கீழே மூன்று.

நான் சேர்ந்தபோது அந்தத் திரையைப் பார்க்கச் சகிக்காது. ஆறு படங்களையும் எனக்கு முன்னால் இருந்த யார் யாரோ தனித்தனியாக எழுதியிருந்தார்கள். ஒன்றின் இடது ஓரம் அகலம், இன்னொன்றுக்கு ஓரமே கிடையாது. ஒன்றில் அளவு ஐம்பதோடு முடியும், பக்கத்தில் இருப்பதில் ஆயிரம் வரை போகும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு படமும் தன் கோட்டுக்கு ஏற்றபடி அளவைத் தானே சுருக்கிக்கொள்ளும், விரித்துக்கொள்ளும். வாயு கொஞ்சம் கூடினாலும் படத்தில் மலையாகத் தெரியும். ஒருநாள் இரண்டாம் ஹாலில் அப்படி ஒரு மலை எழுந்தது. உற்பத்தி மேலாளர் ஹனிபா பதறிப்போய் ஹாலில் இருந்த அத்தனை பேரையும் கார் நிறுத்தும் இடத்துக்கு விரட்டினார். வெயிலில் எல்லோரும் நின்றார்கள். கடைசியில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அவர் திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் என்னிடம் சொன்னார்.

"படம் போடத் தெரியலன்னா சொல்லிரு தம்பி. நான் வெள்ள போர்டுல கையால வரைஞ்சிக்கிறேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற படங்கள் ஒரே அளவில் இல்லையென்றால், கண் ஏமாறும். இது என் சொந்தக் கருத்து இல்லை, இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். அதனால் ஆறு படத்துக்கும் பொதுவாக ஒரு கோப்பு எழுதினேன். உயரம், அகலம், ஓரம், எழுத்தின் பருமன், கீழே பூஜ்யம் மேலே ஐந்நூறு என்ற அளவு, நானூறில் ஒரு சிவப்பு எச்சரிக்கைக் கோடு, எல்லாம் அதில் ஒரே இடத்தில். ஆறு நிரலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஹாலில் அடிக்கிற அபாய பஸ்ஸரும் அந்தக் கோப்பில் உள்ள சிவப்புக் கோட்டைத்தான் பார்க்கும். காற்றின் அளவு கோட்டைத் தாண்டினால் அடிக்கும். ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதி வைத்தால் என்றாவது ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவோம். அதனால் ஒரே இடத்தில் வைத்தேன். பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல்முறை அது திரையில் வந்தபோது நான் நாற்காலியில் உட்காரவில்லை, எழுந்து நின்று பார்த்தேன். ஆறு படத்தின் ஓரங்களும் ஒன்றுக்கு நேர் ஒன்று. மேல் வரிசையில் மூன்று படத்தையும் தாண்டி ஒரே சிவப்புக் கோடு, கீழ் வரிசையில் அதேபோல் ஒன்று, நூல் பிடித்தது போல. என் கல்யாணத்தன்று எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததா என்று தெரியவில்லை. நிர்மலாதேவியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு இந்த ஆண்டுத் தொடக்கத்தில் நாலாம் ஹாலை மாற்றினார்கள். மற்ற ஐந்தும் கரைசல் போட்டுக் கழுவுகிற ஹால்கள். நாலாவது மட்டும் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற ஹாலாக ஆனது. அங்கே வருகிற வாயு வேறு. முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. ஆகவே அந்த ஹாலில் யாரும் மூக்கை நம்பக் கூடாது, பஸ்ஸரைத்தான் நம்ப வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தாரணி அந்த ஹாலின் டெக்னீஷியன். டிப்ளோமா முடித்துவிட்டு நேராக இங்கே வந்தவள். காலையில் கண்ட்ரோல் ரூம் கதவைத் தாண்டும்போதெல்லாம் தலையை நீட்டி, பசியாறிட்டீங்களா அண்ணே என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். ஒருநாள் உள்ளே வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க ஹால்ல பத்துக்கு மேல போனாலே ஆபத்து. ஒங்க செவப்பு கோடு நானூறுல நிக்கிது. நானூறு வர்ற வரைக்கும் நாங்க யாரும் இருக்க மாட்டோம்லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி. பொதுக் கோப்பில் நாலாம் ஹாலுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு எழுதினேன். அளவு பன்னிரண்டரை வரை, சிவப்புக் கோடு பத்தில். ஏன் பன்னிரண்டரை என்றால், அப்படி வைத்தால்தான் அந்தச் சிவப்புக் கோடு பக்கத்துப் படங்களின் கோட்டுக்கு நேராக வரும். நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை. தாரணி வந்து பார்த்தாள், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். மறுநாள் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு என் மேசையில் இருந்தது.

ஆனால் பன்னிரண்டரை, ஏழரை, இரண்டரை என்று எழுதினால் நடுவில் புள்ளி வரும். அந்தப் புள்ளியால் எண்கள் அகலமாகி ஓரத்தை இடித்தன. மற்ற ஐந்து படங்களிலும் நூறு, இருநூறு என்று அழகாக நிற்க, இது மட்டும் பல் துருத்திக்கொண்டு நின்றது. வேறு யாருக்கும் அது கண்ணில் படவில்லை. எனக்குப் பட்டது. காலையில் திரையைப் போட்டதும் என் கண் நேராக அங்கேதான் போகும். எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். வீட்டில் சோறு பிசையும்போதுகூட அந்தப் புள்ளி ஞாபகத்துக்கு வந்தது. இது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். செருப்புக்குள் கல் கிடந்தால் யாரால் நிம்மதியாக நடக்க முடியும்?

தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், திரை சுத்தமாக இருக்கட்டும் என்று ஹனிபா சொன்னார். அவர் சொன்னது தூசு துடைப்பதைப் பற்றியாகவும் இருக்கலாம். நான் அவர் மேல் பழி போடவில்லை. அன்று காலை, அவர்கள் வருவதற்கு முன், நாலாம் ஹாலின் விதிவிலக்கை எடுத்தேன். ஒரே ஒரு வரி. படம் ஐந்நூறுக்குத் திரும்பியது, சிவப்புக் கோடு நானூறுக்குத் திரும்பியது. பஸ்ஸரும் கூடவே திரும்பியது. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் இங்கே வந்ததற்கே அர்த்தமில்லை. விருந்தாளிகள் போனதும் பழையபடி வைத்துவிடலாம் என்று இருந்தேன். தாரணியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

அவர்கள் வந்தார்கள். திரைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒருவர் நாலாம் ஹாலைக் காட்டி, அங்கே மட்டும் கோடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கேட்டார். ஹனிபா பெருமையாக, அதுதான் எங்கள் பாதுகாப்பான ஹால் என்றார். கோடு படத்தின் அடியோடு அடியாகப் படுத்திருந்தது. என் மடிக்கணினியில் எண்கள் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதில் நாலாம் ஹால் பன்னிரண்டு. கொஞ்ச நேரத்தில் பத்தொன்பது. பிறகு இருபத்தேழு.

நான் பார்த்தேன், மேடம். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் வக்கீல் சொல்லச் சொன்னார். அது பொய்.

அந்த நேரத்தில்தான் வாக்கி டாக்கியில் தாரணியின் குரல் வந்தது. ஹனிபா விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தது நான்தான், நான் எடுத்தேன்.

"கண்ட்ரோல் ரூம், நாலாம் ஹால் கழிவுத்தண்ணி குழியில பம்ப் அடைச்சிருக்கு. கையில கொண்டுபோற மீட்டர சர்வீஸுக்கு அனுப்பிட்டாங்க. பஸ்ஸர் ஒன்னும் அடிக்கல. எறங்கலாமா?"

"ஸ்க்ரீன்ல எல்லாம் ஓகேதான்," என்றேன்.

"ஓகேலா அண்ணே. தேங்க்ஸ்."

நான் பொய் சொல்லவில்லை. திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விதிவிலக்கை அப்போதே திரும்ப எழுதியிருந்தால், விருந்தாளிகளின் கண்ணெதிரில் ஒரு படம் மட்டும் துள்ளி எழுந்திருக்கும், புள்ளி வைத்த எண்கள் வந்திருக்கும், கோடு சிவப்பைத் தாண்டித் தலைப்பின் மேலேயே ஏறியிருக்கும். மறுபடியும் எல்லோரையும் வெயிலில் நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் போகட்டும் என்று பொறுத்தேன். பொறுமை தப்பில்லையே. விருந்தாளிகளில் வயதானவர் ஒருவர் என் தோளில் தட்டி, இவ்வளவு நேர்த்தியான திரையை வேறு எந்த ஆலையிலும் பார்த்ததில்லை என்றார். நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

மலாக்கா டவுனில் சாப்பாட்டுக்கு ஏற்பாடாகியிருந்தது. அவர்கள் கதவைத் தாண்டியதும் அந்த ஒரு வரியைத் திரும்ப எழுதினேன். அந்த நொடியே நாலாம் ஹாலில் பஸ்ஸர் அடித்தது. சுவரில் இருந்த சென்சார் முப்பத்தெட்டு காட்டியது. கீழே குழிக்குள் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. அந்த வாயு கனமானது, பள்ளத்தில்தான் தங்கும். பஸ்ஸர்களைப் பராமரிக்கிற மாயாண்டி அண்ணன் முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கி, அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

பஸ்ஸர் தாமதமாக அடித்தது என்பதை ஹாலில் எல்லோரும் கேட்டார்கள். பஸ்ஸர் என்றால் மாயாண்டி அண்ணன். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உங்கள் தொழிற்பாதுகாப்பு இலாகாவும் அவர் மேல்தான் வழக்குப் போடப்போகிறது என்று கேள்விப்பட்டேன். அவரும் தன் மேல்தான் தப்பு என்கிறாராம். முந்தின வாரம்தான் பஸ்ஸரைக் கழற்றித் துடைத்தேன், அதில் ஏதாவது கை பட்டிருக்கும் என்று அவரே நம்பிவிட்டார்.

துக்க வீட்டுக்கு நானும் போனேன். தாரணியின் அம்மா தேவமலர் என் பெயரைக் கேட்டதும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா தம்பி அது? எம்பொண்ணு ஒங்கள பத்தி சொல்லிக்கிட்டே இருக்கும். நான் அந்த ஹால் வேணாம்மான்னு அழுதப்போ, பயப்படாதம்மா, எனக்காக அண்ணன் கோட்ட கீழ எறக்கி வச்சிருக்குன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம்தான் நான் நிம்மதியா தூங்குனேன்."

வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த அம்மாள் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தார். அதை எப்படிப் பிடுங்குவது? தலையை ஆட்டினேன். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன்.

அப்படியானால் இப்போது ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். மாயாண்டி அண்ணனுக்காகத்தான். ஒரு பாவமும் அறியாத மனுஷன் உள்ளே போகக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். விதிவிலக்கை எடுத்தவன் நான். எடுத்தால் பஸ்ஸர் அடிக்காது என்று தெரிந்து எடுத்தேன். எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண்ணைக் குழிக்குள் இறங்கச் சொன்னேன். இதில் எதையும் மாற்றிச் சொல்ல மாட்டேன். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். உங்கள் விசாரணை அறிக்கையைச் சரிபார்க்கச் சொல்லி எங்கள் அலுவலகத்துக்கும் அனுப்பியிருந்தீர்கள். அன்றைக்கு ஆறு ஹாலிலும் இருந்த அளவை ஒரே பக்கத்தில் படமாகப் போட்டிருக்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை பார்த்தேன், அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஐந்து படம் ஐந்நூறு வரை, நாலாவது மட்டும் நாற்பது வரை. ஓரமும் விலகியிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு நாலாம் ஹாலில் மட்டும் ஏதோ மலை எழுந்து நிற்கிறது போலத் தெரியும். ஜட்ஜ் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். அது நியாயமில்லை. என் கோப்பைக் கொண்டுவந்திருக்கிறேன், அதில் போட்டால் ஆறும் நேராக வந்துவிடும். நீங்களே ஒரே அளவில் வைத்துப் பாருங்கள், மேடம். அன்றைக்கு நாலாம் ஹாலில் ஒன்றுமே நடக்கவில்லை.