இழுத்தால் அவிழும் முடிச்சு

கடைசி டவுன் பஸ் போய்விட்டால் சின்னாளப்பட்டி விலக்கிலிருந்து நார் மில்லுக்குப் போகிற மண் ரோட்டில் ஒரு ஈ காக்கை இருக்காது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு... நடுவழியில் ஒரு பாழுங்கிணறு. அந்த மில், நம் கூட்டாளி பழனிக்குமாரின் சித்தப்பா சடையாண்டியுடையது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஏன் என்று அவனிடம் கேட்டுவிடாதீர்கள். நான் சொல்கிறேன். நெருங்கி உட்காருங்கள்.

அங்கே பிகாஷ் என்று ஒருவன் வேலை பார்த்தான். ஒடிசாக்காரன். கூட வந்தவர்கள் நார்த் தூசி ஒத்துக்கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இவன் மட்டும் தங்கிவிட்டான். பகலில் தேங்காய் மட்டை சுமப்பான், ராத்திரி காவல் கிடப்பான். வா, போ, தூக்கு, இறக்கு... இவ்வளவுதான் அவனிடம் மற்றவர்கள் பேசிய தமிழ். டீக்கடையில் கிளாஸை நீட்டுவார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நாய் வந்து சேர்ந்தது. வெள்ளை நாய். ஒரு காது கிழிந்திருந்தது. பிகாஷ் தன் சோற்றில் பாதியை வைத்தான். மோத்தி என்று பெயரும் வைத்தான். ஊரார் வாயில் கேட்டுப் பொறுக்கிய தமிழை எல்லாம் அதனிடம்தான் பேசினான். "மோத்தி, சாப்டியா?" என்பான். அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒருநாள் தோப்பில் ஆட்டுப் பட்டி போட்டிருந்த மூக்காயி இதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஏலே அப்பு, நாய்கிட்ட பேசுற. ஒம் பேரு என்னப்பா?"

வந்ததிலிருந்து அவன் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அன்றைக்கு ராத்திரி நாயைக் கட்டிக்கொண்டு அழுதான்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. பட்டியில் புகுந்து இரண்டு குட்டிகளை ஏதோ நாய்கள் குதறிவிட்டன. "இது கடிக்கல, நான் பாத்தேன்" என்று மூக்காயியே சொன்னாள். யார் கேட்கிறார்கள்? மில் நாய் மில்லில் இருக்கக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது.

நாயைத் தொலைவில் கொண்டுபோய் விடுகிறவர்கள் சாக்கில் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். வழியைப் பார்த்துவிட்டால் திரும்பி வந்துவிடும் என்று ஒரு கணக்கு. சடையாண்டி கிட்டே போனால் மோத்தி உறுமியது.

"நீயே போட்டுக் குடுடா. பேகம்பூரு கறிக்கடைப் பக்கம் விட்டுட்டு வாரேன். எலும்பும் சவ்வுமா ராசா கணக்கா திங்கும்."

பிகாஷ் நம்பினான். சாக்கின் வாயை விரித்துப் பிடித்தான்.

"வா மோத்தி. உள்ள போ. பயம் இல்ல."

அது வாலை ஆட்டிக்கொண்டே உள்ளே போனது... தானாகவே போனது. ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற மாதிரி நார்க்கயிற்றில் முடிச்சுப் போட்டான். "அண்ணே, இழு, தொறக்கும்" என்று இரண்டு தடவை இழுத்தும் காட்டினான். சடையாண்டி தலையாட்டிவிட்டு டி.வி.எஸ். வண்டியில் சாக்கைத் தூக்கி வைத்தார்.

பிகாஷ் சோற்றுச் சட்டியைக் கழுவி முடிப்பதற்குள் வண்டி திரும்பி வந்துவிட்டது. பேகம்பூர் எவ்வளவு தூரம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஊர் தெரியாதவன்.

ஞாயிற்றுக்கிழமை மோத்தியைப் பார்க்கப் பஸ் ஏறினான். பஸ் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு வண்டி எவ்வளவு சீக்கிரம் திரும்பியது என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தான். கறிக்கடை இஷாக்கிடம் காதைக் கிழித்துக் காட்டுகிற மாதிரி சைகை செய்து, "வெள்ளை நாய்... சாக்கு" என்று கேட்டான்.

"சாக்கோட யாரும் வரலையே தம்பி. வந்தா எனக்குத் தெரியாம போவுமா?" என்றார் அவர். அவன் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, ஒரு எலும்பைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "கெடைச்சா குடு."

தெருத்தெருவாகத் தேடிவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினான். மண் ரோடு. நிலா இல்லை. முன்னால் ஏதோ நடக்கிற சத்தம்.

சளப்... சளப்... சளப்...

மழை பெய்து மாதமாகியிருந்தது. காய்ந்த புழுதியில் ஈரக் கால் வைத்து யார் நடப்பார்கள்? நனைந்த சாக்கு நாற்றம், பாசி நாற்றம். ஊர் நாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் வெள்ளையாக ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது. ஒரு காது கிழிந்திருந்தது.

"மோத்தி... சாப்டியா?"

இதைப் பட்டியில் படுத்திருந்த மூக்காயி கேட்டிருக்கிறாள். செத்த நேரம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து அவன் குரல் பிரியமாக வந்ததாம்.

"வந்துட்டேன்."

விடிந்ததும் தூக்கினார்கள். பிகாஷ் சாக்கை இறுக்கிக் கட்டிப்பிடித்திருந்தான். அவன் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. சாக்கை அறுத்தார்கள். உள்ளே நாய்... அதன் வாயில் அந்த எலும்பு. சுற்றிய தாள்கூடப் பிரியவில்லை.

குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்றார் சடையாண்டி. ஊரும் தலையாட்டியது. ஒடிசாவில் எந்த ஊர், யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் மில் ஓடியது.

அதற்கப்புறம்தான் சடையாண்டி ராத்திரியில் எழுந்து உட்கார ஆரம்பித்தார். வாசலைப் பார்த்துச் சிரிப்பார். மனைவி மலர்விழி கேட்டால், "கூப்புடுறான்ல" என்பார்.

"யாரு?"

"வா, உள்ள போ, பயம் இல்லங்கிறான். ஒனக்குக் கேக்கலையா?"

ஒரு ராத்திரி கரண்ட் போயிற்று. பக்கத்து அறையில் பிறாண்டுகிற சத்தம். மலர்விழி கையால் தடவினாள், பாயில் அவர் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தாள். அரிசி தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. அரிசிச் சாக்கு புடைத்துக்கொண்டு அசைந்தது. உள்ளே அவர், நாய் முனகுகிற மாதிரி முனகிக்கொண்டிருந்தார்.

சாக்கின் வாய் வெளியே இருந்து கட்டியிருந்தது. நார்க்கயிறு... சொட்டச் சொட்ட ஈரம். ஒரு முனை மட்டும் தொங்கியது.

மலர்விழி இழுத்தாள். அவிழவில்லை.